பித்தளை வில்லையில் கார்ட்டர் வாசகம்: பட்டமா, அரசு முத்திரையா?

கேள்வி: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. இரு பக்கம் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும், நடுவில் கேடயம். அதைச் சுற்றி ‘ஓனி சுவா கி மால் இ பான்ஸ்’ என்ற வாசகம். இது இங்கிலாந்தின் கார்ட்டர் வீரர் பட்டத்துக்கு உரியது என்கிறார்கள். தாத்தாவுக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்குமா? நல்ல விலைக்குப் போகுமா?

பதில்: வாசகம் கார்ட்டருடையதுதான். ஆனால் உங்களிடம் இருப்பது அந்தப் பட்டத்தின் சின்னம் அல்ல, பிரிட்டிஷ் அரச முத்திரை.

கார்ட்டர் என்பது இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்ட் 1348 வாக்கில் தொடங்கிய வீரர் அமைப்பு. மன்னரையும் வேல்ஸ் இளவரசரையும் தவிர 24 பேருக்குத்தான் இடம். அரச குடும்பத்தாரும் வெளிநாட்டு மன்னர்களும் கூடுதலாகச் சேர்க்கப்படுவது உண்டு. வாசகத்துக்கு ஒரு கதை சொல்வார்கள்: நடனத்தின்போது ஒரு சீமாட்டியின் கால்பட்டி (அதுதான் கார்ட்டர்) நழுவி விழுந்ததாம், சிரித்தவர்களைப் பார்த்து, ‘இதில் தீமை நினைப்பவனுக்கே வெட்கக்கேடு’ என்று மன்னர் சொன்னாராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. எட்வர்ட் அப்போது பிரான்ஸ் அரியணைக்கு உரிமை கோரிப் போரிட்டுக்கொண்டிருந்தார். 1346-ல் பிரான்ஸின் கிரெஸியில் வென்றும் இருந்தார். அந்த உரிமையைக் குறை சொல்பவர்களுக்கான பதிலடியே இந்த வாசகம் என்ற விளக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. பட்டியின் நீலமும் பொன்னும்கூட பிரெஞ்சு அரச நிறங்கள்தான்.

அமைப்பின் தலைவர் மன்னர் என்பதால் அவருடைய கேடயத்தைச் சுற்றி வாசகம் எழுதிய அந்தப் பட்டி இருக்கும். அந்த முத்திரையைத்தான் நீதிமன்றம், அரசுக் காகிதம், சீருடைப் பொத்தான் என்று எங்கும் பதித்தார்கள். உங்கள் வில்லையில் கீழே ‘தியூ ஏ மோன் துருவா’ (‘கடவுளும் என் உரிமையும்’) என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். அது மன்னரின் வாசகம்.

பட்டிக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதுதான் முக்கியம். கேடயம் என்றால் அரச முத்திரை. மன்னரின் பெயரெழுத்துகள் என்றால் பிரிட்டிஷ் ராணுவத்தின் ராயல் இன்ஜினியர்ஸ் படைப்பிரிவாக இருக்கலாம். நட்சத்திரத்தின் நடுவில் செஞ்சிலுவை என்றால்கூட கார்ட்டர் பட்டம்தான் என்று அவசரப்படாதீர்கள். கோல்ட்ஸ்ட்ரீம் காவல் படையின் தொப்பிச் சின்னமும் அப்படித்தான். அசல் கார்ட்டர் சின்னங்களை வீரர் இறந்ததும் மன்னரிடமே திருப்பித் தர வேண்டும், அதனால் வீட்டுப் பெட்டியில் கிடைப்பது அரிது.

நம்மவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வேறு பட்டங்கள். 1861-ல் வந்த ஸ்டார் ஆஃப் இந்தியாவின் வாசகம் ‘விண்ணொளியே நம் வழிகாட்டி’. அது ஆங்கிலத்திலேயே இருக்கும். 1878-ல் வந்த இந்தியன் எம்பயர் பட்டத்தில் லத்தீனில் ‘இம்பராட்ரிசிஸ் ஆஸ்பிசியிஸ்’ (‘பேரரசியின் ஆதரவில்’) என்று இருக்கும். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி முத்துசாமி அய்யர் பெற்றது இதைத்தான்.

காலத்தைக் கணிக்கக் கேடயத்தைப் பாருங்கள். நடுவில் இன்னொரு சிறிய கேடயம் ஒட்டியிருந்தால் 1801-க்கும் 1837-க்கும் இடைப்பட்டது. அது இல்லாமல் சிங்கங்களும் யாழும் மட்டும் என்றால் விக்டோரியா காலம் அல்லது அதற்குப் பின்.

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பழைய மெருகு போனால் மதிப்பும் போய்விடும். பின்பக்கத்தைப் படம் எடுங்கள்: தயாரிப்பாளர் பெயர், எண், பெல்ட்டில் மாட்டும் கொக்கி எது இருந்தாலும் தாத்தா எந்த அலுவலகத்தில் அல்லது படையில் இருந்தார் என்று தேட உதவும். சாதாரண வில்லைக்குப் பெரிய தொகையை எதிர்பார்க்க வேண்டாம். நூறு ஆண்டு கடந்தது என்றால், 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நீங்களாக அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்பவும் முடியாது.