அப்பாவுக்குப் பைத்தியம் இல்லை

அன்புள்ள அக்கா,

அப்பாவுக்கு 74 வயது. திருநெல்வேலியிலிருந்து எங்களோடு இருக்க வந்தவர். வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆனது. இரண்டாம் நாள் ராத்திரி, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருந்தார், டிரிப்ஸைப் பிடுங்கினார். காலையில் தெளிவாகப் பேசினார். இப்போது இரண்டு நாளாக ஒரே அமைதி. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொள்கிறார். "வயசாச்சு, இந்தியும் தெரியாது, அதான்" என்கிறார் நர்ஸ். மனநல டாக்டரைக் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

ஒரு வாசகி, சயான் கோலிவாடா, மும்பை

அன்புத் தங்கைக்கு,

இன்றைக்கே கேளுங்கள். இது டெலிரியமாக இருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, டாக்டர் பார்த்து உறுதி செய்யட்டும். பைத்தியம் இல்லை. உடம்பின் கோளாறு மூளையைக் கொஞ்ச நாளைக்குக் குழப்பிவிடுகிறது. இடுப்பெலும்பு ஆபரேஷன் ஆன முதியவர்களுக்கு அடிக்கடி வருவதுதான். சிறுநீரில் கிருமி, சோடியம் குறைவு, அடங்காத வலி, மலச்சிக்கல், தூக்க மாத்திரை என்று எதுவும் காரணமாகலாம்.

எறும்பு தட்டிய ராத்திரியைவிட இந்த இரண்டு நாள் அமைதிதான் எனக்குக் கவலை தருகிறது. ரகளை செய்கிறவரை வார்டே கவனிக்கும். சத்தமில்லாமல் கிடப்பவரை யார் பார்க்கிறார்கள்? அப்படி அமைதியாகக் கிடப்பதும் டெலிரியத்தில் ஒரு வகைதான். மும்பையில் நம் பெரியவர்கள் பேசாமல் கிடந்தால் பாஷை தெரியவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். தமிழில் கேட்டும் பதில் வரவில்லை என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும். அதை நீங்கள்தான் சொல்லியாக வேண்டும்.

கவனம் நிற்கிறதா என்று பார்க்க, அப்பாவிடம் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்லச் சொல்லுங்கள்: சனி, வெள்ளி, வியாழன் என்று. முன்பு வீட்டுக் கணக்கு பார்த்தவர் பாதியிலேயே நின்றுவிட்டால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். எந்த ராத்திரியிலிருந்து இந்த மாற்றம் என்பதையும் சொல்லுங்கள். ரத்தம், சிறுநீர் பரிசோதித்தார்களா, மருந்துகளைத் திரும்பச் சரிபார்த்தார்களா என்று கேளுங்கள். சயான், கேஇஎம் போன்ற மாநகராட்சி ஆஸ்பத்திரிகளிலேயே மனநலப் பிரிவு உண்டு. மனநல டாக்டரைக் கேட்பதில் தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. கூப்பிட்டும் எழவில்லை என்றால் காலை ரவுண்டு வரை காத்திருக்காதீர்கள்.

அப்புறம், மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் பையில் கிடந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள். பகலில் ஜன்னல் வெளிச்சம், ராத்திரியில் தூக்கம், இரண்டும் வேண்டும். மறுபடி எறும்பு என்றால் வாதாட வேண்டாம். "நான் இருக்கேன்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

தெளிய நாட்கள் ஆகலாம், சிலருக்கு வாரங்கள்கூட. வீட்டுக்கு வந்த பிறகும் சாப்பாடு, பேச்சு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். அதற்கும் வைத்தியம் இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி எண் 14416, கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். ராத்திரியெல்லாம் விழித்திருக்கும் நீங்களும் கூப்பிடலாம்.