இரண்டு இரவும் பேஜிலேயே வேண்டாம்

சைவம் சாப்பிடும் அப்பா அம்மாவோடு ஜூனில் அமெரிக்காவின் அரிசோனா பக்கம் மான்யுமென்ட் வேலியும் ஆன்டிலோப் கேன்யனும் பார்க்க, இரண்டு இரவும் ஆன்டிலோப் பக்கத்திலுள்ள பேஜ் ஊரிலேயே தங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பேஜுக்கும் மான்யுமென்ட் வேலிக்கும் நடுவில் காரில் இரண்டு மணி நேரம். முதல் இரவு கயென்டா என்ற ஊரில் தங்குங்கள். மான்யுமென்ட் வேலி அங்கிருந்து அரை மணி நேரம்தான். விடுதிகள் குறைவு, இப்போதே பதிவு செய்யுங்கள். மறுநாள் பேஜ்.

சாப்பாடுதான் சிக்கல். அங்குள்ள நவஹோ பழங்குடியினரின் உணவான நவஹோ டாக்கோவை இறைச்சி இல்லாமல் கேட்டால், உப்பிப் பொரிந்த ரொட்டிமேல் பீன்ஸ், சீஸ், தக்காளி வரும். ஏறக்குறைய நம்ம பட்டூரா. ஆனால் சில இடங்களில் பன்றிக்கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுவிடுங்கள். நாங்கள் ஃபிளாக்ஸ்டாஃப் நகரிலேயே தயிரும் பழமும் வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்துக்கொண்டோம்.

அப்புறம், கோடையில் கயென்டா கடிகாரம் பேஜைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஆன்டிலோப் டூருக்குப் பேஜ் நேரம்தான் கணக்கு.