உதவித்தொகை விண்ணப்பங்களை ஏஐ வடிகட்டலாமா?

கேள்வி: நாங்கள் கல்வி உதவித்தொகை தரும் சிறிய அறக்கட்டளை. வரும் விண்ணப்பங்களை எல்லாம் படித்து முடிக்க ஆள் போதவில்லை. முதல் சுற்றில் ஏஐ மென்பொருளே வடிகட்டித் தரும் என்கிறார்கள். "பாலினம், இனம் எதையும் அதற்குக் கொடுப்பதே இல்லை, அதனால் பாரபட்சம் வராது" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: அந்த உறுதிமொழியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பாலினம் என்ற கட்டத்தை நீக்கினாலும், படித்த பள்ளி, முகவரி, சேர்ந்திருந்த சங்கம் வழியாக அதே தகவல் உள்ளே வந்துவிடும். அமேசான் நிறுவனம் வேலை விண்ணப்பங்களைத் தரம் பிரிக்க உருவாக்கிய ஒரு கருவி, பெரும்பாலும் ஆண்கள் அனுப்பிய 10 ஆண்டு விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகியது. 'மகளிர்' என்ற சொல் வந்தாலே மதிப்பெண்ணைக் குறைத்தது. அந்தச் சொல்லைச் சரிசெய்தார்கள். வேறு வழியில் பாரபட்சம் நுழையாது என்று உறுதி சொல்ல முடியாமல் கருவியையே கைவிட்டார்கள். 2018இல் இது வெளியே தெரிந்தது.

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: உங்கள் மென்பொருள் எதைக் கணிக்கப் பழகியிருக்கிறது? அமெரிக்காவில், கூடுதல் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளைக் கண்டுபிடிக்க ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதற்கும் இனம் பற்றிய விவரம் தரப்படவில்லை. ஆனால் அது கணித்தது நோயின் தீவிரத்தை அல்ல, சிகிச்சைக்கு ஆகப்போகும் செலவை. ஒரே அளவு நோய் இருந்தாலும் கறுப்பின நோயாளிகளுக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு. அதனால் அவர்களுக்கு அவ்வளவு நோய் இல்லை என்று அது முடிவு செய்துவிட்டது. இந்தக் கோளாறைச் சரிசெய்தால், கூடுதல் கவனிப்புக்குத் தேர்வாகிறவர்களில் கறுப்பினத்தவர் பங்கு 17.7 சதவீதத்திலிருந்து 46.5 சதவீதமாக உயரும் என்று 2019இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு காட்டியது.

உங்கள் விஷயத்துக்கும் இது அப்படியே பொருந்தும். முன்பு யாருக்கு உதவித்தொகை கிடைத்தது என்பதைப் பார்த்துப் பழகிய மென்பொருள், பழைய தேர்வுக் குழுவின் விருப்பு வெறுப்புகளையும் சேர்த்தே கற்றிருக்கும். யார் படிப்பை முடித்தார்கள் என்பதைப் பார்த்துப் பழகியிருந்தால், ஏற்கெனவே வசதி உள்ளவர்களையே மேலே தள்ளக்கூடும். யாருக்குப் பணம் அவசரமாகத் தேவை என்பது இந்த இரண்டிலும் இல்லை.

அடுத்து, வாங்குவதற்கு முன் உங்கள் பழைய விண்ணப்பங்களைப் பெயர் நீக்கிக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒரு பிரிவில் 100 பேரில் 40 பேரும், இன்னொன்றில் 28 பேரும் தேர்வானால், இரண்டாவது விகிதம் முதலாவதில் 70 சதவீதம்தான். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் எச்சரிக்கையாகப் பார்ப்பது, வேலைத் தேர்வுக்காக அமெரிக்காவில் 1978இல் வகுத்த அளவுகோல். இந்தச் சோதனைக்குப் பாலினம், ஊர் போன்ற விவரங்கள் உங்களுக்குத் தேவைப்படும். மென்பொருளுக்குக் கொடுக்காமல் தனியாக வைத்திருங்கள். விண்ணப்பங்கள் குறைவு என்றால் சதவீதத்தை மட்டும் நம்ப முடியாது. நிராகரிக்கப்பட்டவற்றை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

சரி, அப்படியானால் ஏஐயே வேண்டாமா? வேண்டும். விடுபட்ட சான்றிதழைச் சுட்டுவது, இரண்டு முறை வந்த விண்ணப்பத்தைக் கண்டுபிடிப்பது, நீண்ட கடிதத்தைச் சுருக்குவது, எதை முதலில் படிக்கலாம் என்று வரிசைப்படுத்துவது, இவற்றை எல்லாம் அதனிடம் விடலாம். நிராகரிக்கும் அதிகாரத்தை மட்டும் கொடுக்காதீர்கள். வடிகட்டலில் விழுந்த மாணவரின் விண்ணப்பத்தை அப்புறம் யாருமே திறந்து பார்க்க மாட்டார்கள், எனக்குப் பெரிய கவலை அதுதான். 2024இல் இயற்றப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம்கூட, கல்விச் சேர்க்கையையும் வேலைக்கு ஆள் எடுப்பதையும் தீர்மானிக்கும் கருவிகளை அதிக ஆபத்துள்ளவை என்று வகைப்படுத்தி, மனிதக் கண்காணிப்பைக் கட்டாயமாக்குகிறது.

மாணவர்களின் குடும்ப வருமான விவரங்களைக் கொண்டு விற்பவர் தன் மென்பொருளைப் பழக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஏஐ பயன்படுத்துவதை விண்ணப்பப் படிவத்திலேயே சொல்லுங்கள், மறுபரிசீலனை கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுங்கள். சோதனை ஓட்டத்துக்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால், அந்தப் பணத்தில் விண்ணப்பங்களைப் படிக்க இரண்டு பேரைத் தற்காலிகமாக அமர்த்துங்கள்.