க்ரூகர் ஆற்றோரச் சாலை: லோவர் சாபியிலிருந்து தொடங்குங்கள்

"புரட்டாசி லீவில் பாட்டி, பிள்ளைகளோடு டர்பனிலிருந்து க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். சுற்ற ஒரு பகல்தான் இருக்கிறது. ஸ்குகூசா, லோவர் சாபி முகாம்களுக்கு இடையிலான ஆற்றோரச் சாலை மட்டும் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் போதும். வடக்கே போகாதவன் க்ரூகரையே பார்க்கவில்லை என்று யாராவது கீழே கருத்துப் பகுதியில் வந்து சொல்வார்கள். வடக்கு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டியை உட்கார வைத்துக்கொண்டு ஒரே பகலில் அவ்வளவு தூரம் ஓட்டுவது கொடுமை. தவிர, புரட்டாசி என்றால் இங்கே குளிர்காலத்து வறட்சி முற்றும் நேரம். உள்ளே குட்டைகள் வற்றிவிடும், விலங்குகள் தாமே சாபி ஆற்றுக்கு இறங்கி வரும்.

எச்4-1 என்ற இந்த ஆற்றோரச் சாலை சுமார் 46 கி.மீ., முழுக்கத் தார். மணிக்கு 50 கி.மீ. வரை ஓட்டலாம், ஆனால் அந்த வேகத்தில் ஒன்றும் கண்ணில் படாது. 20, 25-இல் உருட்டுங்கள். நின்று நின்று போக நாலு மணி நேரம் வேண்டும்.

முந்தின ராத்திரி லோவர் சாபியில் தங்குங்கள். செப்டம்பரில் முகாம் கேட் காலை 6 மணிக்குத் திறக்கும். அங்கிருந்து மேற்கே ஓட்டினால் வெயில் முதுகுப் பக்கம். ஸ்குகூசாவிலிருந்து வந்தால் நேரே கண்ணில் அடிக்கும். ஆறு வலப்பக்கம் வரும், அதனால் பாட்டியை டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஆறு சாலைக்கு வடக்கே, நம் தென்னாப்பிரிக்காவில் உச்சிச் சூரியனும் வடக்கே. பத்து மணிக்குப் பிறகு ஆற்றுப் பக்கம் படம் எடுத்தால் விலங்கு கறுப்பாகத்தான் விழும்.

முதல் நிறுத்தம் முகாமை ஒட்டியுள்ள சன்செட் டாம் என்ற நீர்த்தேக்கம். இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். நீர்யானையும் முதலையும் சாலைக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பிறகு பெரிய அத்திமரங்கள். சிறுத்தை தேடுபவர்கள் புதரைப் பார்ப்பார்கள். கிடைமட்டக் கிளைகளைப் பாருங்கள், தொங்கும் வால்தான் முதலில் தெரியும். குரங்குகள் எல்லாம் ஒரே திக்கைப் பார்த்துக் கத்தினால் அங்கேயே நில்லுங்கள்.

ஆண் யானையின் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வடிந்து, பின்கால்கள் நனைந்திருந்தால் உடனே ரிவர்ஸ் எடுங்கள். ஆனால் எடுக்க இடம் வேண்டுமே! சிங்கம் ஒன்று படுத்திருந்தால் போதும், இரண்டு பக்கமும் வண்டியைச் செருகி, சன்ரூஃபில் பிள்ளைகளை ஏற்றி நிறுத்துகிறார்கள். அது பூங்கா விதிக்கும் விரோதம், உயிருக்கும் ஆபத்து. பார்த்தாயிற்றா, நகர்ந்து அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

பாதி வழியில் இன்குலு பிக்னிக் இடம். அங்கே இறங்கலாம், கழிப்பறை உண்டு. வாடகைக்குக் கேஸ் ஸ்காட்டல் (கேஸில் சூடாகும் பெரிய வாணலி) கிடைக்கும், ஆனால் அதில் வூர்ஸ் என்ற இறைச்சித் தொத்திறைச்சி வாட்டியிருப்பார்கள். விரதம் என்றால் சொந்தத் தவா கொண்டுபோங்கள். ரொட்டியைத் திறந்த மேசையில் விட்டு நகராதீர்கள், குரங்கு தூக்கிவிடும்.

மலேரியாப் பகுதி. மாத்திரை பற்றிப் புறப்படும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சில மாத்திரைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். எஸ்வாட்டினி (பழைய ஸ்வாசிலாந்து) வழியாக வந்தால் பாட்டிக்கும் பாஸ்போர்ட் வேண்டும்.