இறக்குமதியைத் திறந்தால் பருப்பு விலை இறங்கும், ஆனால் எந்த மாதத்தில் திறக்கிறார்கள்?

கேள்வி: விலைவாசி ஏறும்போதெல்லாம் மத்திய அரசு பருப்பு, எண்ணெய் போன்றவற்றின் இறக்குமதி விதிகளைத் தளர்த்துகிறதே, இது சரியான வழிதானா? இதனால் நம் விவசாயிக்கு நஷ்டம் வராதா?

நான் விருதுநகரில் ஒரு பருப்பு மில்லில் கொள்முதல் கணக்கு பார்க்கிறேன். அப்பா மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் சம்பா அறுத்த வயலில் உளுந்து போடுகிறவர். பர்மா உளுந்து விலை இறங்கினால் எங்கள் ஆபீசில் நிம்மதி. அன்று ராத்திரி அப்பா போனில் பேசும்போது குரல் கம்மியிருக்கும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பார்த்துப் பழகியவன் என்பதால் எழுதுகிறேன்.

தளர்த்தத்தான் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது திறக்கிறார்கள், எப்போது சாத்துகிறார்கள் என்பதில்தான் வருடாவருடம் தப்பு நடக்கிறது.

2015 அக்டோபர் ஞாபகம் இருக்கிறதா? 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் மழை பொய்த்து, துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. எங்கள் மில் வாசலில் உள்ள சில்லறைக் கடைக்கு வாரச் சம்பளம் வாங்கும் லோடுமேன்கள் வந்து கால் கிலோ, நூறு கிராம் என்று வாங்கிப் போனார்கள். அரிசி விலை ஏறினால் ரேஷன் இருக்கிறது. பருப்பு ரேஷனில் மாதம் ஒரு கிலோதான். மிச்சத்துக்கு வெளிக்கடையில்தான் நிற்க வேண்டும். அப்படிப்பட்ட நேரத்தில் "உள்நாட்டு விவசாயம்" என்று சொல்லிக் கப்பலை நிறுத்தி வைப்பது, அந்தக் கால் கிலோக்காரர்களுக்குச் செய்யும் அநியாயம். உலகத்திலேயே அதிகம் பருப்பு விளைவிப்பதும் நாம்தான், அதிகம் தின்பதும் நாம்தான், அதிகம் இறக்குமதி செய்வதும் நாம்தான். மழை கொஞ்சம் தவறினாலும் வெளியே கையேந்தத்தான் வேண்டியிருக்கிறது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். விலை ஏறியதைப் பார்த்து 2016இல் கர்நாடகா, மகாராஷ்டிரா பக்கம் விவசாயிகள் துவரையை அள்ளி விதைத்தார்கள். மழையும் கைகொடுத்தது. முந்தைய வருடம் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த துவரை மகசூல் 2016-17இல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. அதே 2016 ஜூலையில்தான் மொசாம்பிக்கிலிருந்து துவரை வாங்க அரசு ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. அந்த நிதியாண்டில் எல்லாப் பருப்பும் சேர்த்து 66 லட்சம் டன் கப்பலில் வந்து இறங்கியது. கர்நாடகாவின் கலபுர்கியில் புதுத் துவரை மண்டிக்கு வந்தபோது குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்று அரசே அறிவித்த ஆதரவு விலைகூடக் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம்தான் கதவைச் சாத்தினார்கள். 2017 மார்ச்சில் துவரைக்கு 10 சதவீத வரி. ஆகஸ்டில் துவரைக்கு வருடத்துக்கு 2 லட்சம் டன், உளுந்தும் பாசிப்பயறும் சேர்த்து 3 லட்சம் டன் என்று உச்சவரம்பு. நவம்பரில் மஞ்சள் பட்டாணிக்கு 50 சதவீத வரி. எல்லாம் சரிதான், ஆனால் சரக்கு ஏற்கெனவே குடோனில் உட்கார்ந்திருக்கிறதே! சாத்திய மறுநாளே விலை ஏறிவிடாது. உள்ளே வந்தது கரைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்த ஒரு வருடத்தில்தான் எங்கள் வீடும் மாட்டிக்கொண்டது. எங்கள் காவிரி டெல்டாவில் உளுந்து எப்படிப் போடுவார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், வயல் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது, நிற்கும் கதிருக்கு நடுவிலேயே உளுந்தை வீசி விதைப்பார்கள். உழவு கிடையாது, தண்ணீர் பாய்ச்சுவதும் கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் அதற்குத் தீனி. பூக்கும் சமயம் டி.ஏ.பி. உரக் கரைசல் தெளித்தால் உண்டு. அறுபத்தைந்து, எழுபது நாளில் கைக்கு வந்துவிடும். நெல்லில் வந்த பணம் கடனுக்கும் கூலிக்கும் போய்விடும், உளுந்துப் பணம்தான் வீட்டுக்கு என்று அம்மா சொல்வாள். பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு, கோயில் திருவிழா, அடகில் இருக்கும் தோடு எல்லாம் சித்திரையில் அந்தப் பணத்தை நம்பித்தான் நிற்கும்.

2018 ஏப்ரலில் அப்பாவுக்கு ஐந்து ஏக்கரில் பதினொரு குவிண்டால் கண்டது. எங்களுக்கு அது நல்ல விளைச்சல். அரசு அறிவித்த விலை 5,400 ரூபாய். ஊர் வியாபாரி குத்தூசியால் சாக்கைக் குத்தி, நாலு மணியைப் பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு 4,200 என்றார். பேரம் பேச அப்பாவிடம் ஒன்றுமில்லை. அரசு கொள்முதல் தொடங்கப் போகிறது என்று சொன்னார்கள், தேதி சொல்லவில்லை. நகைக்கடனுக்குத் தேதி இருந்தது. பதினொரு குவிண்டாலுக்கு 13,200 ரூபாய் குறைவாக வாங்கிக்கொண்டு சாக்கை ஏற்றிவிட்டார். அந்தச் சாக்கில் நீல மையால் அவர் போட்ட குறி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இதில் பர்மாக்காரர்களைத் திட்ட எனக்கு மனம் வராது. அவர்களும் கீழ் மியான்மரில், ஐராவதி டெல்டாவில், நெல்லை அறுத்துவிட்டுத்தான் உளுந்து போடுகிறார்கள். அவர்கள் வீட்டில் அது பெரிதாகப் புழங்குவதில்லை. நம் இட்லிக்காகவே விளைவிக்கிறார்கள் என்று சொல்லலாம். 2017இல் நாம் திடீரென்று உச்சவரம்பு போட்டபோது அங்கே விலை அப்படியே சரிந்து, அந்த விவசாயிகளும் நடுத்தெருவில் நின்றார்கள். நாம் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதில் இரண்டு டெல்டாவிலும் அடி விழுந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்கள் அறுவடையும் மாசி, பங்குனியை ஒட்டித்தான். புதுச் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் நேரமும், எங்கள் ஊரில் களத்தில் உளுந்து காயும் நேரமும் கிட்டத்தட்ட ஒன்று. வருடம் முழுக்கத் திறந்திருக்கும் கதவு எங்களை அதிகம் பாதிப்பது அந்த ஆறு வாரத்தில்தான்.

2021 மே மாதம் விலை மறுபடி ஏறியதும் துவரை, உளுந்து, பாசிப்பயறு மூன்றையும் தடையில்லாமல் கொண்டுவரலாம் என்றார்கள். அக்டோபர் வரை என்று ஆரம்பித்தது. அப்புறம் டிசம்பர், அப்புறம் மார்ச், பிறகு வருடா வருடம் நீட்டிப்பு. பாசிப்பயறை மட்டும் 2022 பிப்ரவரியில் மறுபடி கட்டுப்பாட்டுக்குள் கொண்டுபோனார்கள். உளுந்துக்கு 2025 மார்ச்சிலும் இன்னொரு வருடம் கொடுத்தார்கள். மில்லில் இதனால் வேலை தடைபடவில்லை, அது உண்மை. இட்லி மாவுக்கு உளுந்துக்குப் பதில் வேறு எதையும் போட முடியாது. சரக்கு வராவிட்டால் கடையில் விலை எங்கே போய் நின்றிருக்குமோ. ஆனால் மார்ச் மாதம் வந்தால் எங்கள் மார்க்கெட்டில் ஒரே பேச்சுதான்: நீட்டுவானா, மாட்டானா? அது தெரியும்வரை யாரும் துணிந்து பெரிய லாட் வாங்க மாட்டார்கள். சரியாக அந்த வாரங்களில்தான் டெல்டாக்காரன் சாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறான்.

மஞ்சள் பட்டாணி கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் கிலோவுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்து இறக்கக்கூடாது, அதுவும் கல்கத்தா துறைமுகம் வழியாக மட்டும்தான் என்று கட்டிவைத்திருந்த பொருள். 2023 டிசம்பரில் ஒரேயடியாக வரியே இல்லை என்று திறந்துவிட்டார்கள். 2024-25இல் மட்டும் 20 லட்சம் டன்னுக்கு மேல் வந்தது. கடலை மாவில் கலக்க வசதியாகப் போய்விட்டது, கொண்டைக்கடலை போட்டவன் பாடு திண்டாட்டம். 2025 நவம்பரில் 30 சதவீத வரி போட்டார்கள். பாமாயிலும் இப்படித்தான், 2024 செப்டம்பரில் சுத்திகரிக்காத பாமாயிலுக்கு அடிப்படை வரி 20 சதவீதம், 2025 மே கடைசியில் 10.

எல்லாப் பழியையும் இறக்குமதி மேல் போடவும் கூடாது. டெல்டாவில் உளுந்துப் பரப்பு சுருங்கியதற்கு அறுவடை மெஷினும் ஒரு காரணம். அதன் செயின் சக்கரம் முளைத்த உளுந்தை நசுக்கிவிட்டுப் போகிறது. நடவு தள்ளிப்போனால் உளுந்துக்குப் பருவம் தப்பும். மஞ்சள் தேமல் நோய், பருவம் தப்பிய மழை வேறு. ஆனால் இவ்வளவையும் தாங்கி விளைவித்தவனுக்கு விலையும் இல்லையென்றால் அடுத்த வருடம் ஏன் விதைப்பான்? அவன் விதைக்காவிட்டால் நாளைக்கு இன்னும் கூடுதலாகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால், ஜூன் வாக்கில் ஆதரவு விலை அறிவிக்கும்போதே அந்த வருடத்து இறக்குமதி விதியையும் சேர்த்து அறிவிக்க வேண்டும், நடுவில் மாற்றக்கூடாது. வரியை விலையோடு கட்டிப்போட வேண்டும்: மண்டி விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால் வரி தானாக ஏறட்டும், நன்றாக மேலே போனால் தானாகப் பூஜ்யமாகட்டும். அது முன்கூட்டியே தெரிந்தால் பர்மாவில் விதைப்பவனும் அதற்கேற்ப விதைப்பான். துவரை, உளுந்து, மசூர் (மைசூர் பருப்பு) மூன்றையும் விளைந்தது முழுவதும் ஆதரவு விலைக்கு வாங்குவோம் என்று 2025 பட்ஜெட்டை ஒட்டி மத்திய அரசு சொல்லியிருக்கிறது, நல்ல அறிவிப்பு. அந்தக் கொள்முதலை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பங்குனி முதல் வாரமே ஆரம்பிக்க வேண்டும். உளுந்துக்கு 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 7,800 ரூபாய் அறிவித்தார்கள். வியாபாரி குத்தூசியோடு வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் அந்த விலைக்கு வாங்கும் கூடம் திறந்திருந்தால், பர்மா சரக்கு எவ்வளவு வந்தாலும் அப்பா கவலைப்பட மாட்டார்.