பதில்: சிரியாவில் படை மாகாணங்கள் நான்கா, ஐந்தா?

தொடக்ககால இஸ்லாமிய ஆட்சியில் சிரியாவிலிருந்த ஜுந்துகள் (படை மாகாணங்கள்) ஒரு வரைபடத்தில் நான்கு, இன்னொன்றில் ஐந்து, எதை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான், காலம்தான் வேறு. உங்கள் கட்டுரை முதல் உமையா கலீஃபாவான முஆவியாவின் ஆட்சியைப் பற்றியது என்றால் திமிஷ்க் (டமாஸ்கஸ்), ஹிம்ஸ், உர்துன் (ஜோர்டான்), ஃபலஸ்தீன் (பாலஸ்தீனம்) என்ற நான்கையே வரையுங்கள். ஐந்தாவதான கின்னஸ்ரீன் அவருடைய மகன் முதலாம் யஸீத் (680–683) காலத்தில் ஹிம்ஸிலிருந்து பிரிக்கப்பட்டது என்பதே பரவலான கருத்து. முஆவியாவே பிரித்தார் என்று சொல்வோரும் உண்டு. அதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.

எல்லைக்கோடுகளைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஜுந்து என்பது வெறும் நிர்வாகப் பிரிவு அல்ல. அங்கே குடியமர்ந்த அரபுப் படையினரின் பெயர்கள் திவான் என்ற ஊதியப் பதிவேட்டில் இருக்கும்; அந்த மாகாணத்து வரி வருவாயிலிருந்தே அவர்களுக்கு ஊதியம் போகும். ஆகவே மாகாணத்தைப் பிரிப்பது பணத்தையும் பிரிப்பதுதான். எந்தக் குலத்தின் கை ஓங்கும் என்பதும் அதில் அடங்கியிருந்தது. கின்னஸ்ரீனில் கைஸ் குலத்தார் வலுவாக இருந்தார்கள், உர்துனில் கல்பு குலத்தாரின் செல்வாக்கு. 684-இல் டமாஸ்கஸ் அருகே நடந்த மர்ஜ் ராஹித் போரில் இந்த இரு தரப்பும்தான் மோதின. உங்கள் கட்டுரைக்கு உயிர் இங்கேதான் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

ஒரு திருத்தம்: ஃபலஸ்தீனின் தலைநகராக ஜெருசலேமைக் குறித்திருக்கிறீர்கள். முதலில் லுத், பிறகு உமையா வம்சத்தின் சுலைமான் இப்னு அப்துல் மலிக் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய ரம்லா. உர்துனுக்குத் திபேரியாஸ் என்று போட்டது சரி.