பெட்டியைக் ‘கிளியர்’ பண்ணச் சொன்னால் எதை எடுப்பது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் நண்டு கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் வாசகி கேட்கிறார்: “மேனேஜர் வாட்ஸ்அப்பில் ‘கிளியர் த பாக்ஸஸ்’ என்று அனுப்பினார். ஐஸ் பெட்டிகளைத் தூக்கி வெளியே அடுக்க வைத்தேன். அவர் சொன்னது உள்ளே இருந்த நண்டை எடுக்கத்தானாம். எனக்குத்தான் திட்டு. இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் சார்?”

தப்பு உங்கள் மேல் இல்லைம்மா. அந்த வாக்கியமே இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

நம் ‘ஒழி’யை நினைத்துப் பாருங்கள். ‘வீட்டை ஒழிச்சுக் குடு’ என்றால் வீடு இருக்கும், சாமான் போகும். ‘கொசுவை ஒழி’ என்றால் கொசுவே போகும். கிளியரும் அதே ஜாதி. ‘கிளியர் த கண்மாய்’ என்றால் கண்மாய் நிற்கும், உள்ளே மண்டிய சீமைக்கருவேலம் போகும். ‘கிளியர் த கருவேலம்’ என்றால் மரமே போகும். பின்னால் வருவது இடமா, இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் பொருளா என்று பாருங்கள். ஐஸ் பெட்டிதான் வில்லங்கம்: நண்டுக்கு அது இடம், கொட்டகைத் தரைக்கு அது பொருள்.

எழுதுகிறவர் இரண்டு மூன்று சொல் கூட்டினால் போதும். ‘கிளியர் த கிராப்ஸ் ஃப்ரம் த பாக்ஸஸ்’ என்றால் நண்டு போகும், பெட்டி காலியாகும். ‘கிளியர் த பாக்ஸஸ் ஃப்ரம் த ஷெட்’ என்றால் பெட்டியே நகரும்.  ஃப்ரம் வந்தால் முன்னால் நிற்பது பொருள், பின்னால் நிற்பது இடம்.

மற்றவை சுலபம். செக் கிளியர் ஆனால் பணம் கணக்கில் ஏறிவிட்டது. பாக்கியைக் கிளியர் செய்தால் கடன் தீர்ந்தது. சரக்கு தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியர் ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது; அங்கே யாரும் எதையும் அகற்றவில்லை. ‘த போட் கிளியர்டு த பிரிட்ஜ்’ என்று படித்தால் பயப்படாதீர்கள், பாம்பன் பாலம் பத்திரமாக இருக்கிறது. படகு இடிக்காமல் தாண்டியது, அவ்வளவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குப் பகுதி கப்பலுக்காக 17 மீட்டர் வரை மேலே போகிறதே, அப்போது கீழே கிடைக்கும் இடைவெளிக்குப் பெயரும் கிளியரன்ஸ்தான். லத்தீனில் ‘கிளாருஸ்’ என்றால் தெளிவானது. மறைப்பது விலகினால் தெளிவு, தடுப்பது விலகினால் வழி.

‘கிளியர் ஆஃப்’ (clear off) மட்டும் யாருக்கும் எழுதிவிடாதீர்கள். ‘ஓடிப் போ’ என்று விரட்டுவது அது.

அடுத்த முறை மேனேஜர் மொட்டையாக அனுப்பினால், ‘எம்ப்டி ஆர் மூவ்?’ என்று திருப்பிக் கேளுங்கள். பெட்டியில் கை வைப்பதற்கு முன்னால்.